மேலக்காட்டுக்காரியின் நேர்ச்சை

கடலில் குளிக்க இறங்குகிறவர்களை எண்ணும் வழக்கம் செம்மணற்பட்டினத்தில் கிடையாது, ஏறி வருகிறவர்களையும் எண்ணுவதில்லை. அதனால் தசராவுக்குக் கொடியேறிய அன்று காலையில், காப்புக் கட்டிக்கொள்ள ஈரத்துணியோடு கரையேறிய முந்நூற்றுச் சொச்சம் பேரில் ஒருத்தி அலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே நடந்து வந்தவள் என்பதும், அவள் ஒரு சிம்பன்சி என்பதும் வெகுநேரம் யாருக்கும் உறைக்கவில்லை. மேற்கே எங்கேயோ, கப்பலுக்கே ஒரு மாதம் பிடிக்கிற தூரத்திலிருந்து கால்நடையாகவே வந்தவள்போல் களைப்பும் நிதானமுமாக வந்தாள். உடம்பெல்லாம் கறுத்த ரோமம், மார்போடு சேர்த்து அணைத்த ஒரு இலைப்பொட்டலம். வரிசையில் நின்றாள். முறை வந்ததும் மணிக்கட்டை நீட்டினாள். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்டி, நெற்றியில் திருநீற்றைப் பூசி, "அடுத்தாளு வாங்க" என்றார்.

பூசாரியைக் குற்றம் சொல்ல முடியாது. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காப்புக் கட்டி, காளியாகவோ போலீஸாகவோ கரடியாகவோ கல்யாணப் பெண்ணாகவோ பத்து நாள் வேஷம் போட்டு, மேளத்துக்கு ஆடி, வீடுவீடாகத் தர்மம் எடுத்து, பத்தாம் நாள் கடற்கரையில் அம்மன் சூரனை வதைத்து முடித்ததும் காப்பை அறுத்துக் கடலில் முழுகி வேஷத்தைக் களைவது அந்த ஊர் வழக்கம். பெண்டாட்டிக்கே புருஷனை அடையாளம் தெரியாத பத்து நாள் அது. ரோமத்தோடு ஒருத்தி வந்து நின்றால், நன்றாக வேஷம் கட்டியிருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

அவளை முதலில் உற்றுப் பார்த்தவன் தவசிக்கனி. உற்றுப் பார்த்த அந்த நொடியிலேயே அவனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

தவசிக்கனி வருஷத்தில் பத்து நாள் குரங்கு, மிச்ச நாளெல்லாம் ஐஸ் கம்பெனியில் மீனுக்கு ஐஸ் உடைக்கிறவன். இருபது வருஷமாகக் குரங்கு வேஷம். தேங்காய் நாரைச் சாயத்தில் முக்கி, இழை இழையாகச் சாக்கில் வைத்துத் தானே தைத்த உடுப்பு. அதற்கு ஏழடி நீளத்தில், உள்ளே கம்பி கொடுத்த வால். அந்த வாலால் தொட்டால் பிள்ளைகளுக்குப் பயந்தகோளாறு போகும் என்று சுற்றுவட்டாரத்துத் தாய்மார் வரிசையில் நிற்பார்கள். இப்படிப் பேரும் புகழுமாக இருந்தவனுக்கு ஒரே ஒரு குறை. அவன் மனைவி செல்லக்கிளி இந்த இருபது வருஷத்தில் ஒருநாள்கூட அவன் ஆட்டத்தைப் பார்க்க வந்ததில்லை. மேளச்சத்தம் தெருமுனையில் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். ஊரே கைதட்டினாலும் அந்தச் சாத்திய கதவு அவன் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த வருஷமாவது வந்து பார்க்க மாட்டாளா என்பதுதான் ஒவ்வொரு வருஷமும் அவனுடைய வேண்டுதல்.

இந்த வருஷம் வருவாள் என்று அவன் நம்பியதற்குக் காரணம் இருந்தது. தூத்துக்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தும் ஜெசிந்தா, திருவிழாக் கூட்டத்துக்குச் சிம்பன்சிகளைப் பற்றி எடுத்துச் சொல்லவேண்டும் என்று கோயில் வாசலில் ஒரு பந்தல் போட்டு, மேடையில் நிற்க அவனைக் கூப்பிட்டிருந்தாள். மேடை, விளக்கு, மைக் எல்லாம் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை.

"அண்ணாச்சி, வாலை எடுத்திரணும். சிம்பன்சிக்கு வால் கிடையாது."

"வால் இல்லாட்டி அது என்னம்மா கொரங்கு?"

"அது கொரங்கே இல்ல அண்ணாச்சி. நமக்குச் சொந்தம்."

"சொந்தம்னா? தாய்வழியா, தகப்பன்வழியா?"

தசராக் குழுத் தலைவர் லிங்கத்துரை அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் தவசிக்கனி மேடையை நினைத்தான், மேடைக்குக் கீழே செல்லக்கிளி நிற்பதை நினைத்தான்; கொடியேற்றத்துக்கு முந்தின சாயங்காலம் கத்தரிக்கோலை எடுத்து இருபது வருஷத்து வாலை அறுத்து அடுப்பில் போட்டான். மறுநாள் காலையில்தான் வாலே இல்லாதவள் ஒருத்தி கடலிலிருந்து ஏறி வந்தாள். அடுப்புக்குப் போன வாலும் வீண், மேடையும் வீண். அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

முதல் நாள் சாயங்காலத்துக்குள் அவள் வேஷமில்லை, அசல் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டியவரை யார் என்று கேட்பது அம்மனுக்கு அடுக்காது. மேற்கே காட்டிலிருந்து வந்தவளாம் என்று ஜெசிந்தா சொன்னதை வைத்து மேலக்காட்டுக்காரி என்று பேர் வைத்தார்கள், இடுப்புக்கு ஒரு சிவப்புத் துண்டைக் கட்டினார்கள், குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஊர் பேசியதெல்லாம் ஒரே பேச்சுத்தான்: இவளுக்கு என்ன நேர்ச்சை? பிள்ளைவரம் கேட்டு வந்திருப்பாள் என்றாள் பூக்காரி. புருஷன் குடிகாரனாக இருப்பான் என்றாள் இன்னொருத்தி, தன் வீட்டை நினைத்துக்கொண்டு. இடத்தகராறாக இருக்கும் என்றார் கோர்ட்டுக்கு நடந்து நடந்து கால் தேய்ந்த ஒருவர், அது முழுப் பொய்யுமில்லை.

மேளம் தட்டினால் அவளும் எழுந்து ஆடினாள், ஒற்றைக் கையால் பொட்டலத்தை அணைத்தபடி. தர்மம் எடுக்கப் போனால் அரிசியைக் குழுவுக்கு விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துப் பின்னால் இருந்த புற்றுக்குள் ஒரு குச்சியை விட்டுக் கறையானை ஒட்டி எடுத்து நக்கித் தின்றாள்; புற்றுக்குப் பூசை செய்கிறாள் என்று பெண்கள் குலவையிட்டுப் பால் ஊற்றிவிட்டதில் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு பாழ். பொழுது சாயும்போது மரத்தில் ஏறிக் கிளைகளை மடக்கி மெத்தைபோல் ஒரு கூடு கட்டிப் படுப்பாள், மறுநாள் அந்தக் கூட்டுக்குத் திரும்ப மாட்டாள், வேறு மரம், புதுக் கூடு. இது தெரிந்ததும் இன்று எங்கள் தெரு வேம்புக்கு, நாளை எங்கள் தெருப் பூவரசுக்கு என்று தெருக்களுக்குள் போட்டி வந்து, லிங்கத்துரை முறை போட்டுச் சீட்டு எழுத வேண்டியதாயிற்று.

பந்தலில் ஜெசிந்தா தொண்டை கட்டப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு தாய் ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும், காட்டை வெட்டுகிறார்கள், ஒரு குட்டியைப் பிடித்து விற்பதற்காக அதைக் காக்க வருகிற பெரியதுகளையெல்லாம் சுடுகிறார்கள், சர்க்கஸையும் வீட்டில் வளர்ப்பதையும் பார்த்துச் சிரிக்காதீர்கள், நாம் சிரிக்கிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் செத்துப்போன ஒரு தாய் இருக்கிறாள். கூட்டம் அதை எங்கே கேட்டது? அவள் கொடுத்த நோட்டீஸை வாங்கி விசிறிக்கொண்டது, சுண்டல் கட்டியது, மேலக்காட்டுக்காரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மேடையில் தவசிக்கனியும் நின்றான், வாலில்லாமல்.

"அண்ணாச்சி, ஒம்ம கொரங்கு இப்பம் சும்மா நாரு மூட்டை மாதிரில்லா இருக்கு" என்றான் மேளக்காரன், ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும். "அவ நடைய பாரும், உக்காருத அழக பாரும். பாத்துப் படியும் வே."

"அவ நடிக்கல்ல! அவ அப்படித்தான் இருக்கா! அதுல என்ன தெறம இருக்கு?" என்று கத்தினான் தவசிக்கனி. நியாயமான கேள்விதான். ஆனால் பொறாமைக்காரன் கேட்கிற நியாயத்தை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

இதையெல்லாம்கூட அவன் பொறுத்திருப்பான். மூன்றாம் நாள் சாயங்காலம் முகமூடியின் கண் ஓட்டை வழியாகப் பார்த்தபோது கூட்டத்தின் நடுவில், வெந்தய நிறச் சேலையில், செல்லக்கிளி நின்றாள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபது வருஷத்து ஆட்டத்தை ஒரே மூச்சில் ஆடினான், பல்டி அடித்தான், பந்தல் காலில் ஏறித் தலைகீழாகத் தொங்கினான். மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தால், செல்லக்கிளியின் கண் அவன்மேல் இல்லை. அவள் மேலக்காட்டுக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆட்டத்தைக்கூட இல்லை, அந்தப் பொட்டலத்தை அவள் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாளும் வந்தாள். ஐந்தாம் நாள் பழம் கொண்டு வந்தாள். வீட்டில் அவனுக்கு வைத்த விரதச் சோறு ஆறிப்போயிருந்தது. பொறாமை என்றால் அது பொறாமை. நெஞ்சில் அரைத்த மிளகாயை அப்பியதுபோல் இருந்தது, தண்ணீர் குடித்தாலும் அடங்கவில்லை.

"என்னத்த அப்படிப் பாக்க அவளுட்ட?" என்று கேட்டேவிட்டான்.

"ஒண்ணுமில்ல" என்றாள் செல்லக்கிளி. "அவ அதக் கீழ வைக்கவே மாட்டுக்கா."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். ஆக, எல்லாம் அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது! குட்டியைச் சுமந்த தாய் மாதிரி ஒரு பொம்மையைக் கையில் வைத்திருக்கிறாள், அதில்தான் பெண்கள் மயங்குகிறார்கள், இத்தனை வருஷத்தில் தனக்கு இந்த யோசனை தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டான். ஆறாம் நாள் பழந்துணியை உருட்டி, நாரை ஒட்டி, வாழையிலையில் சுற்றி ஒரு பொம்மை செய்து தூக்கிக்கொண்டு போனான். மதியத்துக்குள் இலை கிழிந்து துணி தொங்கியது. "அண்ணாச்சி சோத்துப் பொட்டலம் கட்டிட்டு வந்துட்டாரு" என்று சிரித்தார்கள். அவளுடைய பொட்டலமோ இத்தனை நாளாகியும் குலையாமல் இருந்தது. இந்தச் சீமையில் இல்லாத ஏதோ அகல இலை, உள்ளே காய்ந்த பட்டை, கிட்டே போனால் பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசனை. எப்படிக் கட்டியிருக்கிறாள் என்று ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால் போதும், அடுத்த வருஷம் ஒரு கை பார்த்துவிடலாம்.

ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் அவள் அடிகுழாய்க்கு வந்தாள். குழாயை அடிக்க ஒரு கை, தண்ணீரை ஏந்த ஒரு கை வேண்டும் என்பதால், பொட்டலத்தைப் பக்கத்துத் துவைகல்லில் வைத்து, அதைப் பார்த்தபடியே குனிந்தாள். தண்ணீர் முகத்தில் அடித்து அவள் கண்ணை மூடியது இரண்டு நொடி இருக்கும். அதற்குள் தவசிக்கனி அதை எடுத்துத் தன் நார் உடுப்பின் வயிற்றுக்குள் செருகிக்கொண்டு சந்துக்குள் புகுந்துவிட்டான்.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து பிரித்தான். முதல் இலை, இரண்டாம் இலை, பட்டை. பட்டைக்குள் ஒரு கை இருந்தது. காய்ந்து சுருங்கிய, அவன் கட்டைவிரல் நீளமே உள்ள கை. அதில் ஐந்து விரல்கள், ஐந்து நகங்கள், உள்ளங்கையில் ரேகை. பொம்மைக்கு யாரும் ரேகை வைப்பதில்லை. அப்புறம் மூடிய கண் தெரிந்தது. தோளில் ஒரு குண்டு துளைத்த ஓட்டை தெரிந்தது.

கோயில் பக்கமிருந்து ஒரு ஓலம் எழுந்தது. அடிவயிற்றில் ஊ ஊ என்று தொடங்கி, ஏறி ஏறி, மேளத்தையெல்லாம் அமுக்கிக்கொண்டு வந்த ஓலம். மேலக்காட்டுக்காரி கூடைகளைக் கவிழ்த்துப் பார்த்தாள், பொம்மைக் கடையில் ஒவ்வொரு பொம்மையையும் எடுத்து முகர்ந்து கீழே வைத்தாள். ஊர் அதையும் தன் வழியில் புரிந்துகொண்டது: அம்மன் இறங்கிவிட்டாள் என்று குலவை போட்டார்கள், மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள், வேப்பிலையால் அடித்து "என்ன கொற தாயே, வாயத் தொறந்து சொல்லு" என்று கேட்டார்கள். அவள் அவர்கள் மடியையெல்லாம் விலக்கிப் பார்த்தாள்.

கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு செல்லக்கிளி ஓடிவந்தாள். "ஏங்க, அவ புள்ளையக் காணோம்னு—" என்றவள் அவன் மடியைப் பார்த்தாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பட்டையை மூடினாள். "இந்த எலை உள்ள. அது மேல. நுனிய இப்பிடி மடக்கிச் சொருகியிருந்தா" என்று, தினமும் பார்த்து மனசில் பதிந்த மடிப்பு மாறாமல் கட்டினாள். கட்டிக்கொண்டே அவனுடைய இடது கையுறையைப் பார்த்தாள். நாரில் அரைவட்டமாக ஒரு கடித்தடம், மேலே வேறு நூலில் போட்ட தையல். ஊரில் யார் கேட்டாலும் நாய் கடித்தது என்பான்.

இருபது வருஷத்துக்கு முந்தைய தசரா அது. காய்ச்சலில் கிடந்த மூன்று மாதப் பெண்குழந்தைக்காக நேர்ந்துகொண்டு அவன் முதன்முதலில் குரங்கானான். ஒன்பதாம் நாள் காலையில் குழந்தை போய்விட்டது. செல்லக்கிளி அதை மடியில் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை யாரிடமும் தரவில்லை. நேரமாகிறது, திருவிழாவுக்குத் தீட்டாகிறது என்று ஊர் அவசரப்படுத்தியது. கடைசியில் அவன் வேஷத்தோடேயே வந்து, இந்த நார்க் கையால் பிள்ளையைப் பிடுங்கினான், அவள் கடித்தாள், அவன் விடவில்லை. காப்புக் கட்டியவன் பாதியில் நிறுத்தக்கூடாது என்று மறுநாள் ஆடவும் செய்தான். நேர்ச்சை முடியவில்லை, முடியவில்லை என்று வருஷாவருஷம் ஆடிக்கொண்டே இருந்தான்.

"நீங்களே கொண்டு குடுங்க" என்றாள் செல்லக்கிளி. "இந்தக் கையாலேயே குடுங்க."

பந்தல்வரை நடந்தான். கூட்டம் விலகியது. அந்த ஊரில் குரங்கு வேஷக்காரன் கூட்டத்துக்கு முன்னால் வாய் திறந்து பேசக்கூடாது. பேசினால் வேஷம் கெட்டது, நேர்ச்சை கெட்டது. தவசிக்கனி முகமூடியைக் கழற்றி ஜெசிந்தாவின் மைக்கை வாங்கினான்.

"நான்தான் எடுத்தேன். பொம்மன்னு நெனச்சு எடுத்தேன். பொறாமை." அவன் குரல் நாலு ஒலிபெருக்கிக் குழாயிலும் நாலு தெருவுக்கும் போயிற்று. "இது அவ பெத்த புள்ள. சுட்டிருக்கானுவ. செத்த புள்ளைய இம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வந்திருக்கா."

மேலக்காட்டுக்காரி வந்தாள். பொட்டலத்தை வாங்கி முகர்ந்து மார்பில் வைத்துக்கொண்டாள். பிறகு அவனுடைய இடது கையைப் பிடித்துத் திருப்பி, அந்தக் கடித்தடத்தில் மூக்கை வைத்து, வெகுநேரம் எடுக்காமல் இருந்தாள்.

ஜெசிந்தா மைக்கை வாங்கவில்லை. எட்டு நாளாகப் பேசியதைத் திரும்பப் பேச அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சுண்டல் கட்டிய நோட்டீஸ்களை ஜனங்கள் மடியிலிருந்தும் குப்பைக்கூடையிலிருந்தும் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள். 'செத்த குட்டியைத் தாய் வாரக்கணக்கில் சுமக்கும்' என்ற வரி வந்தபோது பூக்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டாள். இடத்தகராறு என்று சொன்னவர், எவ்வளவு காட்டை வெட்டினார்கள், யாருக்கு மனுக் கொடுக்கவேண்டும் என்று ஜெசிந்தாவிடம் விவரம் கேட்டு ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த வேலை அது. லிங்கத்துரை மட்டும் கத்தியோடு வந்து, ஒரு தாயிடம் திருடியவன் அம்மனுக்கு ஆடக்கூடாது என்று, பத்தாம் நாளுக்கு முன்பே தவசிக்கனியின் காப்பை அறுத்தார். இருபது வருஷத்தில் முதல்முறையாக அவன் சூரசம்ஹாரத்துக்கு வேஷமில்லாமல் போனான். சட்டை வேட்டியில் அவனைப் பலருக்கு அடையாளம் தெரியவில்லை.

பத்தாம் நாள் கடற்கரையில் சூரன் விழுந்தான், காப்புகள் அறுந்தன, காளிகளும் போலீஸ்களும் கரடிகளும் கூட்டங்கூட்டமாகக் கடலில் இறங்கி முழுகி, பழையபடி பலசரக்குக் கடைக்காரர்களாகவும் லாரி டிரைவர்களாகவும் ஏறி வந்தார்கள். மேலக்காட்டுக்காரியும் மணிக்கட்டை நீட்டினாள். பூசாரி கயிற்றை அறுத்தார். அவளிடம் களைய வேஷம் ஒன்றுமில்லை. சிவப்புத் துண்டை அவிழ்த்துச் செல்லக்கிளியின் கையில் கொடுத்துவிட்டு, பொட்டலத்தை அணைத்தபடி அலைக்குள் நடந்தாள். இடுப்பளவு, கழுத்தளவு, அப்புறம் இல்லை.

அன்றைக்கு மட்டும் ஏறி வருகிறவர்களை ஊர் எண்ணியது. கடைசி ஆள் ஏறியபிறகும் யாரும் கலையவில்லை.

செல்லக்கிளி ஈரமணலில் நின்றுகொண்டிருந்தாள். தவசிக்கனி பக்கத்தில் போய் நின்றான். இருபது வருஷமாக எந்தக் கண் தன்மேல் விழவேண்டும் என்று ஏங்கினானோ அந்தக் கண் இப்போதும் கடல்மேல்தான் இருந்தது, ஆனால் அதில் இருந்தது என்னவென்று அவனுக்கு உடனே தெரிந்தது. பத்து நாளாகக் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம்தான் அது. அவளுக்கும் பொறாமை.

"கொடுத்து வச்சவ" என்றாள் செல்லக்கிளி, அவன் பக்கம் திரும்பாமலே. "அவளுக்காவது திருப்பிக் குடுத்திய."